அவரை எங்கே வைப்பது

எங்கள் ஊரில் குடியிருந்த ஒருவர் இறந்துபோனார். அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்க அலைந்தோம். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் இருந்தேன் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது சேவூர்ப் பக்கம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். அப்போது ஊரின் தென்கோடியில் ஒரே ஒரு பனியன் கம்பெனி இருந்தது. இப்போது வடக்கே மட்டும் கொஞ்சம் சோளக்காடு மிச்சம். மற்ற மூன்று பக்கமும் கம்பெனிகள், குடோன்கள், மஞ்சள் கல் நட்ட சைட்டுகள். காற்றடித்தால் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகள் பறந்து வந்து எங்கள் வேலியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் வேலி சிவப்பாக இருக்கும், மறுவாரம் நீலமாக. மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் சாயங்காலமானால் பானிபூரி வண்டி நிற்கும். ஊர் இன்னும் ஊராட்சிதான். ஆனால் வாக்காளர் பட்டியலில் இருக்கிறவர்களைவிட இங்கே படுத்து எழுகிறவர்கள் அதிகம்.

கிராமம் போய்விட்டதே என்ற வருத்தமெல்லாம் எனக்குக் கிடையாது. கிணறு வற்றி, கூலிக்கு ஆள் கிடைக்காமல் தோட்டத்தில் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கென்று நாலு பேர் சிநேகிதமானார்கள். தோட்டத்தில் பாதியை விற்றோம். மீதியில் தென்னை மரங்களை ஒட்டி ஐந்து லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. குளிப்பதற்கு மட்டும் பின்னால் பொது இடம்.

இரண்டாவது வீட்டுக்கு வந்தவர்கள்தான் அவர்கள். புருசன், பெண்டாட்டி, நான்கு மாதக் கைக்குழந்தை. கையில் இரண்டு பைகள், ஒரு பிளாஸ்டிக் குடம். அவ்வளவுதான் சாமான். ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர் என்றார்கள். அவர் துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர், அவள் ஓவர்லாக் டெய்லர், நான் போகிற கம்பெனியிலேயே இரண்டு பேருக்கும் வேலை. வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"என்ன சாமி கும்பிடுவீங்க?"

"நான் வேதக்காரன்ங்கய்யா. இவ மாரியாத்தாளைக் கும்பிடுவா" என்றார் அவர். கிறிஸ்தவன் என்பதைத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குக் குழந்தையின் தலைதான் கண்ணில் பட்டது. எண்ணெய் வைத்து அவ்வளவு அழகாக வகிடு எடுத்திருந்தாள். "இருந்துட்டுப் போறாங்க" என்றேன்.

இந்தக் கல்யாணத்தால் இரண்டு பேர் வீட்டிலும் இவர்களைக் கை கழுவிவிட்டார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. கொரோனா சமயத்தில் கம்பெனிகள் மூடியபோது லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வடக்கத்திப் பையன்கள் ரயிலுக்குக் காத்துக் கிடந்தார்கள். தெற்கத்திக்காரர்கள் பைக்கிலேயே குடும்பத்தோடு கிளம்பினார்கள். இவர்கள் மட்டும் போகவில்லை. "நீங்க போகலையா அம்மணி?" என்று கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "எங்களுக்குப் போறதுக்கு எடம் இல்லக்கா" என்றாள்.

அவர் அதிகம் பேச மாட்டார். நாள் முழுக்க ஆவியில் நின்று வேலை செய்கிறவர் என்பதால் வீட்டுக்கு வந்ததும் வேப்பமரத்தடியில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மகள் முதுகில் ஏறி விளையாடும். குழாய் உடைந்தால், மோட்டார் ஓடவில்லை என்றால் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நிற்பார். கோயில் நோம்பிக்குச் சோறாக்கும்போது அண்டா தூக்குவது அவர்தான். எங்கள் மாமனார் தவறிப்போனபோது பந்தல் போட்டதும், மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்ததும் அவர்தான். எடுத்துக்கொண்டு போகும்போது கூடவே வந்தார். இடுகாட்டு எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். அதுவரை வந்து அங்கேயே நின்றுகொண்டார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். யாரும் நிற்கச் சொல்லவில்லையாம். அவராகவே நின்றுகொண்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு வந்திருந்தது. எல்லா வீட்டு ஆட்களும் குடத்தோடு நின்றார்கள். அவர் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி வைத்தவர், குடங்களை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "என்னங்க பண்ணுது?" என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, வேர்க்குது" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

எங்கள் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அவள் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "முழிச்சுக்கங்க, முழிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். நாற்பத்து மூன்று வயது.

அங்கே ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு விவரம் கேட்டார். அவள் அழாமல் பதில் சொன்னாள். சொந்த ஊர் என்ன என்றதற்கு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அது இப்ப இருக்கற ஊரும்மா. சொந்த ஊர் எது?"

"அதேதான் சார்" என்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். அதற்குள் பக்கத்து அறையில் இருந்த ஜார்க்கண்ட் பையன்கள் நாற்காலிகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்கும் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயது மகளைக் கடைசி வீட்டுப் பெண் மடியில் வைத்திருந்தாள். கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் மெதுவாகக் கேட்டது ஒரே கேள்வி. ஊருக்குக் கொண்டுபோறீங்களா, இங்கேயா?

அவர் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் பேசினாள்.  அந்தப் பக்கமிருந்து, "நாங்க வர்றதுக்கில்ல. நீங்களே பாத்துக்கங்க" என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிட்டது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "இங்கனயே வச்சிருவோம்க்கா" என்றாள். "எரிக்க வேணாம். அவுக வேதத்துல மண்ணுக்குள்ளதான் வைப்பாக. மக நெனச்சா போயிப் பாக்கணும்ல."

"செரி அம்மணி" என்றேன். அதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊரில் இரண்டு இடுகாடுகள். எங்கள் சனத்துக்கு ஊருக்குக் கிழக்கே ஒன்று. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காலனி ஆட்களுக்கு ஒன்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து இதை நான் ஒரு விசயமாகவே நினைத்ததில்லை. கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது, அது மாதிரி இதுவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஊர்ப் பெரியவரைப் பார்க்கக் கிளம்பினார். அவருக்குப் பெரியப்பா முறை. நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு?" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

பெரியவர் வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல மனுசன். நோம்பிக்கு எத்தன வேல செஞ்சான். இத்தன சின்ன வயசுல" என்று உச்சுக் கொட்டினார். என் வீட்டுக்காரர் விசயத்தைச் சொன்னார்.  பெரியவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"நாம வேண்டாம்னா சொல்றோம் கண்ணு?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கு ஒருத்தருக்கு எடம் குடுத்தா, நாளைக்கு லைன் ஊட்டுல இருக்கறவீங்க அத்தன பேரும் கேப்பாங்க. நம்மாளுங்க எத்தன பேரு, வந்தவீங்க எத்தன பேருன்னு நீயே பாரு. அப்பறம் நமக்கு எடம் இருக்குமா? அதுவும் வேதக்காரங்க, சிலுவை நடோணும்பாங்க. எனக்கு ஒண்ணுமில்ல சாமி. ஊர்ல நாலு பேரு என்னயத்தான கேப்பாங்க?"

"ஒம்பது வருசமா நம்ம ஊர்லதானுங்க மாமா இருக்காங்க" என்றேன்.

"இருக்கட்டும் அம்மணி. இருக்கறத யாரு வேண்டாங்கறா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்றதுஞ் செரிதானுங்க" என்றார். ஒரு கடுஞ்சொல் இல்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களால் முடியாது என்பதைக்கூட இவ்வளவு பணிவாகச் சொல்ல முடியும். அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை.

அங்கிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளத்தைத் தாண்டிக் காலனிக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அங்கே நான் போனது இரண்டோ மூன்றோ தடவைதான் இருக்கும். எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்கிற ஒருவர் அங்கே எல்லோருக்கும் முன்னால் நின்று பேசுகிறவர். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் கருத்துவிட்டது. அயர்ன் மாஸ்டரை அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"எங்க எடத்த வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். பைபாஸ் வேலைக்காக மண் அள்ளியதில் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த இடத்தில் குழிக்கு மேல் குழி. "போன மாசம் தோண்டறப்ப எங்க சித்தப்பாவோட எலும்பு வந்துருச்சுங்க. எங்களுக்கே பத்தல" என்றார். பிறகு கேட்டார்: "உங்க எடம் அத்தன பெருசு, சும்மாதான கெடக்குது. அங்க ஏனுங்க வெக்கல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டேதான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தேன்.

மண்ணரையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே மாடி அறையில் ஜெபம் நடத்துகிற போதகர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் அங்கேதான் போவார். ஆராதனையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பெட்டிமேல் கையை வைத்து அழுதுவிட்டார். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. சொந்தக் கட்டடமே இல்லாதவர்கள். டவுனில் பெரிய சபைகளுக்கெல்லாம் போன் செய்தார். ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சபையின் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

மணி இரண்டாகிவிட்டது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

நான் என் வீட்டுக்காரரைத் தென்னைமரத்துப் பக்கம் கூப்பிட்டேன். "ஏனுங்க, நம்ம தோட்டத்து மூலைல வெச்சரலாங்களா?"

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "மிச்சம் இருக்கற பூமி இதொண்ணுதான். பொணத்த வெச்ச பூமிய நாளைக்கு யாரு வாங்குவா? பையனுக்குன்னு இருக்கறதே இதுதான்."

"வாங்காட்டிப் போறாங்க."

"பேச்சுக்குச் சொல்லாத" என்றார். ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்து கேட்டார். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் அப்படியெல்லாம் புதைக்க முடியாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும், மீறினால் போலீஸ் வழக்காகிவிடும் என்று அவர் சொன்னார்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆனது. அந்தப் பதிலைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. அது துக்கம் இல்லை, நிம்மதி. கேட்டாகிவிட்டது, முடியாது என்று சொல்லிவிட்டார்கள், இனி என்மேல் பழியில்லை. அதுவரை ஊரையும் என் வீட்டுக்காரரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான், என் தோட்டத்து மூலையில் ஒரு குழி விழவில்லை என்றதும் மூச்சு விட்டேன். அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவளிடம் போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

"எரிச்சிருவோம்க்கா. டவுன்ல கேசுல எரிக்கிற மயானத்துக்குக் கொண்டுபோயிருவோம். எம்புட்டு நேரம் இப்படியே கெடப்பாக?"

"அம்மணி, நாங்க எல்லாப் பக்கமும் கேட்டுப் பாத்தோம்…"

"தெரியும்க்கா. நீங்க போனீகளே, அதுவே போதும்."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு அடி மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்கு நான் போனேன். அவளும் மகளும் அமரர் ஊர்தியில் ஏறினார்கள். அவர்களோடு நானும் ஏறினேன். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். போதகரும், ஜார்க்கண்ட் பையன்கள் நாலு பேரும், பேக்கிங்காரரும் பின்னால் வண்டிகளில் வந்தார்கள். ஊர்க்காரர் என்று வந்தவர் பேக்கிங்காரர் ஒருவர்தான்.

அங்கே எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். போதகர் சன்னமான குரலில் ஜெபம் சொன்னார். அந்தப் பையன்கள் கை கூப்பி நின்றார்கள். ஒருவனுக்கும் அந்தத் தமிழ் புரிந்திருக்காது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, இங்கிருந்து அப்பாவ எங்க கொண்டுபோய் வெப்பாங்க?"

எல்லா லைன் வீட்டுப் பிள்ளைகளையும் போல அவளும் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள். நான் அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன்.  உலையின் கதவு திறந்து மூடியபோது மட்டும் அவள் அம்மா ஒரு சத்தம் போட்டாள். 

மறுநாள் சாம்பலை ஒரு மண்கலயத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, சமையல்கட்டின் மேல்தட்டில் வைத்தாள். ஆற்றில் கரைக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு, "இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். என் நாத்தனார் வந்து, வீட்டு எல்லைக்குள் சாம்பல் இருக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது, எடுக்கச் சொல்லு என்றாள். "அது அங்கதான் இருக்கும்" என்றேன்.  நாத்தனாரும் பிறகு கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரோடு நான் சண்டை போடவில்லை. சோறு போடுவேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். ஒரு மாதம் அப்படித்தான் போனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர், "நா மட்டும் தனியா என்ன பண்ணீருக்க முடியும்?" என்றார். "நானும் ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அவள் பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்துவிட்டாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். நான் செக்கிங் டேபிளில் நின்று பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் எதிரில் அவள் முதுகு தெரியும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடித் தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை என்னுடையது. அந்தப் பகலில் எங்கே விட்டுப்போனது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அவளும் நானும் போனோம். பெண்கள் வழக்கமாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். ரோடு, தெருவிளக்கு, தண்ணீர் எல்லாம் பேசி முடித்ததும் எழுந்தேன்.  ஊரில் குடியிருக்கிற யார் செத்தாலும் வைப்பதற்கு ஒரு பொது இடுகாடு வேண்டும் என்று சொன்னேன்.

தலைவர் சிரித்த முகமாகவே கேட்டார். "உங்களுக்கு என்னங்க கொறை? உங்களுக்குத்தான் இருக்குதில்லீங்களா?"

"எனக்குக் கேக்கலீங்க" என்றேன்.  அவள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து பேக்கிங்காரர் எழுந்தார். மயானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். தென்மாவட்டத்துக் குடும்பங்கள், இங்கே ரேஷன் கார்டு மாற்றிக்கொண்டவர்கள், அதுவரை வாயே திறக்காதவர்கள், அவர்களும் பேசினார்கள். தீர்மானம் என்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள்.

அது சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தாலுகா ஆபீசுக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. சர்வேயர் வருகிறேன் என்பார், வர மாட்டார். அரை நாள் லீவு போட்டுவிட்டு நாங்கள் காத்திருப்போம். கடைசியில் பழைய பாறைக்குழிக்கு அந்தப் பக்கம், எதற்கும் ஆகாத புறம்போக்கில் ஒரு துண்டு இடத்தை அளந்து கல் நட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் என்பதால் அவர்களுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. எங்கள் இடுகாடு முன்பு போலவே பெரிதாக, சும்மா கிடக்கிறது. நாங்கள் எந்தக் கதவையும் திறக்கவில்லை. மூன்றாவதாக இன்னொன்றை உண்டாக்கினோம், அவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முழுச் சந்தோசம் வருவதில்லை.

இடம் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கலயத்தை மேல்தட்டிலிருந்து இறக்கினாள். இரண்டரை வருடம் அது அங்கே இருந்திருக்கிறது. போதகர் வந்திருந்தார். நான் மம்பட்டியை எடுக்கப் போனேன். அது வைத்த இடத்தில் இல்லை. வெளியே வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். 

பாறை கலந்த மண். ஓரடி தோண்டுவதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. பேக்கிங்காரர் கடப்பாரையை வாங்கிக் கொஞ்சம் குத்திக் கொடுத்தார். மறுபடி இவர் தோண்டினார். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கலயத்தைக் குழிக்குள் அவள்தான் இறக்கி வைத்தாள். மண் தள்ளியதும் போதகர் கொண்டுவந்திருந்த சின்னச் சிலுவையை நட்டார்கள். அவள் அம்மா அதன்மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ வைத்து, குங்குமத்தை எடுத்து அதன் நடுவில் ஒரு பொட்டும் வைத்தாள். போதகர் குனிந்து, சிலுவை சாயாமல் மண்ணை அழுத்திவிட்டார்.  பாறைக்குழிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"இனி நெனச்சா வரலாம்ல?" என்று அவள் மகளிடம் கேட்டாள். மகள் தலையாட்டினாள்.

அதற்கடுத்த வாரமே அங்கே இரண்டாவது குழி விழுந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஜோடி, கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் இருந்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது. அப்பனான அந்தப் பையன் குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். வருகைக்குப் பஞ்ச் அடிக்கப் போன நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

அவள்தான் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கம்பெனியில் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியில் அவனிடம் ஏதோ சொன்னாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை, வா, என்று சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு முன்னால் பாறைக்குழி ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.